காம்பாக்டின்: நான்கு முறை தடைபட்ட ஒரு மருந்து – நிகழ்வு ஆய்வு

## எதைப் பற்றிய பதிவு

1971 ஏப்ரலில், டோக்கியோவில் இருந்த சாங்க்யோ மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறிய குழு பூஞ்சைகளை வளர்க்கத் தொடங்கியது. அவை வெளிவிடும் சாற்றில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதே வேலை. குழுவை நடத்தியவர் அகிரா எண்டோ. இரண்டு ஆண்டுகளில் பொருள் கிடைத்துவிட்டது. காம்பாக்டின் என்று பெயர் பெற்ற அந்தப் பொருள் கடைசி வரை மருந்துக்கடைக்கு வரவில்லை. ஆனால் இன்று நம் வீடுகளில் பெரியவர்கள் தினமும் போட்டுக்கொள்ளும் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற கொலஸ்ட்ரால் மாத்திரைகள் (ஸ்டாட்டின்கள்) எல்லாமே அது திறந்துவிட்ட வழியில் வந்தவை.

1974க்கும் 1980க்கும் இடையில் இந்தப் பொருள் நான்கு முறை தடைபட்டது. ஒவ்வொரு தடையின்போதும் கையில் இருந்த தகவல் என்ன, எடுத்த முடிவு என்ன, அந்த முடிவுக்கு நியாயம் இருந்ததா என்பதை வரிசையாகப் பார்ப்பதே இந்தப் பதிவு. ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களும் மருந்தியல் படிப்பவர்களும் இதை ஒரு முறையாவது முழுமையாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. பூஞ்சையிலிருந்து ஸ்டாட்டின் கிடைத்தது, அது நொதியைத் தடுக்கிறது, அவ்வளவுதான். முடிவெடுக்க வேண்டிய இடங்கள் எல்லாம் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் இருக்கின்றன. பொதுப் பதிவில் உள்ள விஞ்ஞானிகளைப் பெயர் சொல்லியே எழுதுகிறேன். நோயாளிகளும் நிறுவனத்துக்குள் முடிவெடுத்தவர்களும் பெயரின்றி வருகிறார்கள்.

## பின்னணி

எண்டோ 1933இல் ஜப்பானின் வடபகுதியில், அகிதா மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். காளானும் பூஞ்சையும் சிறு வயதிலிருந்தே அவருக்குப் பழக்கம். தோஹோகு பல்கலைக்கழகத்தில் வேளாண் அறிவியல் படித்து, 1957இல் சாங்க்யோவில் சேர்ந்தார். முதல் வேலைக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லை. பழச்சாறும் ஒயினும் கலங்கலாகத் தெரியக் காரணம் பெக்டின். அதைச் சிதைக்கும் நொதியைப் பூஞ்சையிலிருந்து எடுக்க வேண்டும். இருநூறுக்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்து, திராட்சையில் ஒட்டுண்ணியாக வளரும் ஒன்றில் அதைக் கண்டுபிடித்தார். அது வணிகமாகவும் வெற்றி பெற்றது. வேண்டிய பொருளுக்காகப் பூஞ்சைகளை வரிசையாகச் சலிக்கும் பழக்கம் அங்கேதான் கைவந்தது. பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

1966 முதல் 1968 வரை நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் ஆய்வு செய்தார். அப்போது அமெரிக்காவில் இதயத் தமனி நோய்தான் மரணத்துக்கு முதல் காரணம். ஜப்பானில் அது அரிது. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகமாக இருப்பதற்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகர மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு போன்றவை ஏற்கெனவே காட்டியிருந்தன. கொலஸ்ட்ராலைக் குறைத்தால் மாரடைப்பும் குறையுமா என்பதற்குத்தான் விடை இல்லை.

அன்று கையில் இருந்த மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிக்கோட்டினிக் அமிலம், கொலஸ்டிரமின், க்ளோஃபைப்ரேட் ஆகியவை இருந்தன. ஒன்று முகத்தைச் சிவக்க வைக்கும், இன்னொன்றைப் பொடியாகக் கரைத்து மணல் குடிப்பதுபோலக் குடிக்க வேண்டும், மூன்றாவதில் பலன் குறைவு. இவற்றுக்கு முன்னால் ட்ரைபாரனால் என்று ஒரு மருந்து வந்தது. கொலஸ்ட்ரால் உற்பத்தியின் கடைசிப் படியை அது தடுத்தது. அதனால் அதற்கு முந்தைய படியில் உருவாகும் டெஸ்மோஸ்டெரால் உடலில் தேங்கியது. கண்புரை வந்தது, முடி கொட்டியது. 1962இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். 'கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து' என்று சொன்னாலே மருந்து உலகம் பின்வாங்கியதற்கு ட்ரைபாரனால் ஒரு பெரிய காரணம்.

## தேடலின் வடிவம், 1971–73

உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, உடலே தயாரித்துக்கொள்கிறது. அந்தத் தயாரிப்பில் முப்பதுக்கு நெருக்கமான படிகள் உண்டு. எச்.எம்.ஜி.-கோஏ ரிடக்டேஸ் என்ற நொதி செயல்படும் தொடக்கப் படிதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிறது. அங்கே தடுத்தால் ட்ரைபாரனாலில் தேங்கியதுபோல ஸ்டெரால் (கொலஸ்ட்ரால் வகைக் கொழுப்புப் பொருள்) எதுவும் தேங்காது. தடுபடும் பொருள் நீரில் கரையும், உடல் அதை வேறு வழியில் செலவழித்துவிடும். எங்கே தடுப்பது என்ற தேர்வு நன்கு யோசித்து எடுத்தது.

பூஞ்சையில் தேடியதற்கும் ஒரு காரணம் உண்டு. சில நுண்ணுயிர்கள் உயிர்வாழ ஸ்டெராலோ அதே பாதையில் உருவாகும் வேறு பொருட்களோ தேவை. அப்படிப்பட்ட எதிரியை ஒழிக்க, அந்த உற்பத்தியை முடக்கும் ஆயுதத்தை ஏதாவது ஒரு பூஞ்சை வைத்திருக்கலாம் என்பது எண்டோவின் ஊகம். அப்படி ஒரு பொருள் இருப்பதற்கு அன்று எந்தச் சான்றும் இல்லை.

சோதனை எளிமையானது. எலியின் கல்லீரலை அரைத்துச் சாறு எடுத்து, அதில் கொலஸ்ட்ரால் உற்பத்தியின் மூலப்பொருளான அசிட்டேட்டைக் கதிரியக்கக் கார்பன் சேர்த்து விட்டு, அது கொலஸ்ட்ராலாக மாறும் அளவைப் பூஞ்சைச் சாறு குறைக்கிறதா என்று பார்த்தார்கள். குறைத்தால், மெவலோனேட்டிலிருந்து தொடங்கி அதே சோதனையை மறுபடி செய்வார்கள். மெவலோனேட் என்பது ரிடக்டேஸ் படிக்குப் பிறகு வரும் பொருள். அதிலிருந்து தொடங்கும்போது தடை காணாமல் போனால், தடுபடும் இடம் அதற்கு முன்னால் இருக்கிறது என்று பொருள். விலை மலிவு, ஆயிரக்கணக்கில் செய்யலாம்.

முதல் ஆண்டில் 3,800 வகைகளைச் சோதித்தார்கள். முதலில் கிடைத்தது சிட்ரினின். நொதியை நன்றாகத் தடுத்தது, ஆனால் சிறுநீரகத்துக்கு நஞ்சு. அதைக் கைவிட்டார்கள். என்றாலும் தேடும் பொருள் இயற்கையில் உண்டு என்பதற்கு அதுவே முதல் ஆதாரம். தொடர்ந்து தேடத் துணிவு கொடுத்தது அதுதான். 1972இல் கியோட்டோவில் ஒரு தானியக் கடையின் அரிசியிலிருந்து எடுத்து வைத்திருந்த பெனிசிலியம் சிட்ரினம் என்ற நீலப்பச்சைப் பூஞ்சையின் சாறு வேலை செய்தது. 1973இல் அதிலிருந்து சுத்தமான பொருளைப் பிரித்தார்கள். எம்.எல்.-236பி என்று குறியிட்டார்கள். அதே காலத்தில் பிரிட்டனில் பீச்சம் நிறுவனத்தார் வேறு நோக்கத்துக்காக இதே பொருளைத் தனியே பிரித்து, காம்பாக்டின் என்று பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய 6,000 வகைகளைச் சோதித்த பிறகு கிடைத்தது இது.

பொருளின் அமைப்பு தெரிந்ததும் காரணமும் புரிந்தது. நொதி வழக்கமாகப் பற்றும் எச்.எம்.ஜி.-யைப் போன்ற ஒரு பகுதி காம்பாக்டினிலும் இருக்கிறது. ஆனால் நொதி இதைப் பல்லாயிரம் மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. சோதனைக் குழாயில் இதைவிட நல்ல முடிவை யாரும் எதிர்பார்க்க முடியாது.

## முதல் தடை: எலி, 1974

அடுத்த படி விலங்கு. வழக்கம்போல எலிக்குக் கொடுத்தார்கள். வாரக்கணக்கில் கொடுத்தும் ரத்தக் கொலஸ்ட்ரால் குறையவில்லை. சுண்டெலியிலும் அதே கதைதான்.

அன்றைய மருந்துத் துறையின் நடைமுறைப்படி இங்கேயே கோப்பை மூடியிருக்க வேண்டும். குழாயில் வேலை செய்து, உடலில் வேலை செய்யாத பொருட்கள் ஆயிரம் உண்டு. நிறுவனத்துக்குள் ஆர்வம் வடிந்தது. அப்படி வடிந்ததைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கையில் இருந்த தகவல் அதைத்தான் சொன்னது.

எண்டோ வேறு ஒரு கேள்வி கேட்டார். பொருள் வேலை செய்யவில்லையா, அல்லது எலியில் மட்டும் வேலை செய்யவில்லையா? ஒரே வேளை கொடுத்துப் பார்த்தபோது எலியின் கல்லீரலிலும் கொலஸ்ட்ரால் உற்பத்தி சில மணி நேரத்துக்குக் குறைந்தது. ஆக, மருந்து கல்லீரலுக்குப் போய்ச் சேருகிறது, நொதியையும் பிடிக்கிறது. தொடர்ந்து கொடுக்கும்போதுதான் விளைவு மறைகிறது. பின்னாளில் காரணம் தெளிவானது. தடை விழுந்ததும் எலியின் கல்லீரல் அதே நொதியைப் பல மடங்கு அதிகமாகத் தயாரித்து ஈடுகட்டிவிடுகிறது. மேலும் எலியின் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் சுமப்பது எச்.டி.எல். என்ற கொழுப்புத் துகள். மனிதரில் தமனிச் சுவரில் படியும் எல்.டி.எல். என்ற துகள் எலியில் மிகக் குறைவு. குறைக்க வேண்டிய சரக்கே இல்லாத விலங்கில் குறைகிறதா என்று பார்த்திருக்கிறார்கள்.

எலிச் சோதனையின் முடிவில் பிழை எதுவும் இல்லை. எலியைப் பற்றி அது சொன்னது உண்மைதான். அதை மனிதருக்கும் பொருத்தியதில்தான் கோளாறு.

## கோழி, நாய், குரங்கு, 1976

இதற்கு அடுத்த திருப்பம் எந்தத் திட்டத்திலும் இல்லாதது. 1976இன் தொடக்கத்தில் ஒரு மாலை, ஆய்வுக்கூடத்துக்கு அருகில் இருந்த மதுக்கடையில் எண்டோ வேறு பிரிவைச் சேர்ந்த சக ஊழியர் ஒருவரைச் சந்தித்தார். அவர் முட்டையிடும் கோழிகளை வைத்து வேறொரு ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்ததும் கோழிகளைக் கொன்றுவிடப் போகிறார்கள். எண்டோவுக்கு ஒன்று தோன்றியது. ஒவ்வொரு முட்டையின் மஞ்சள் கருவுக்கும் கோழி நிறையக் கொலஸ்ட்ரால் அனுப்ப வேண்டும். அப்படியானால் அதன் உடலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியும் ரத்தத்தில் அதன் ஓட்டமும் அதிகம். எலியில் இல்லாதது இங்கே இருக்கிறது. அந்தக் கோழிகளின் தீவனத்தில் காம்பாக்டினைக் கலந்து பார்க்கச் சக ஊழியர் ஒத்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் ரத்தக் கொலஸ்ட்ரால் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தீவனம் எடுப்பதும் முட்டையிடுவதும் பெரிதாக மாறவில்லை. அப்புறம் நாய்களிலும் குரங்குகளிலும் பார்த்தார்கள். இரண்டிலும் தெளிவாகக் குறைந்தது. 1976 ஆகஸ்டில் காம்பாக்டினை மருந்தாக வளர்க்கும் திட்டத்தை நிறுவனம் முறையாகத் தொடங்கியது.

கோழிச் சம்பவத்தை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. சந்திப்பு தற்செயல்தான். ஆனால் 'எந்த விலங்கு வேண்டும்' என்ற கேள்வியை இரண்டு ஆண்டுகளாக மனதில் வைத்திருந்த ஒருவருக்குத்தான் அடுத்த பிரிவின் கோழி பயன்பட்டிருக்கும். பிரிவுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி நிறுவனத்துக்குள்ளேயே இருந்திருந்தால் இரண்டு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

## இரண்டாம் தடை: கல்லீரலில் படிகங்கள், 1977

1977 ஏப்ரலில் நிறுவனத்தின் நச்சியல் பிரிவினர் ஒரு கவலையோடு வந்தார்கள். மிகப் பெரிய அளவில் ஐந்து வாரம் காம்பாக்டின் கொடுத்த எலிகளின் கல்லீரல் உயிரணுக்களில் நுண்ணிய படிகம்போன்ற அமைப்புகள் தெரிந்தன. அவை தேங்கிய கொலஸ்ட்ராலாக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கும் மருந்து அதைத் தேங்கவும் வைக்கும் என்பது பொருந்தி வரவில்லை. ஆனாலும் ட்ரைபாரனாலின் நினைவு எல்லோருக்கும் இருந்தது. தேங்குதல் என்ற சொல்லே போதும், எல்லோரும் நின்றுவிடுவார்கள்.

இந்தத் தடையை நீண்ட விவாதத்துக்குப் பிறகு தாண்டினார்கள். திட்டம் நிற்கவில்லை, ஆனால் பல மாதங்கள் இழுத்தது. இதில் நச்சியல் பிரிவினரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரிந்ததை எழுதி மேசையில் வைத்தார்கள், மற்றவர்கள் அதைப் பார்த்து எதிர்வாதம் செய்ய முடிந்தது. 1980இல் நடந்ததோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும்.

## மூன்றாம் தடை: ஒசாகாவில் 18 வயதுப் பெண், 1978

பரம்பரை உயர் கொலஸ்ட்ரால் நோயில் இரண்டு நிலைகள் உண்டு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான மரபணு வந்தால் கொலஸ்ட்ரால் சாதாரண அளவைப்போல இரண்டு மடங்கு இருக்கும், நடுவயதில் மாரடைப்பு வரும். இருவரிடமிருந்தும் வந்தால் டெசிலிட்டருக்கு 600 முதல் 1,000 மில்லிகிராம் வரை போகும். தோலிலும் தசைநாண்களிலும் மஞ்சள் கொழுப்புக் கட்டிகள் வரும். பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரலாம். அன்று இவர்களுக்குக் கொடுக்க மருத்துவர்களிடம் பயனுள்ள மருந்து எதுவும் இல்லை.

1978 பிப்ரவரியில், ஒசாகா பல்கலைக்கழக மருத்துவமனையில் அகிரா யமமோட்டோ என்ற மருத்துவர் இந்த இரண்டாம் நிலையில் இருந்த 18 வயதுப் பெண்ணுக்குக் காம்பாக்டின் கொடுத்தார். மனிதருக்கு அதைச் சிகிச்சையாகக் கொடுத்தது அதுவே முதல் முறை. நிறுவனத்தின் முறையான முதற்கட்டச் சோதனை தொடங்கியது அதே ஆண்டு நவம்பரில்தான். அதாவது இது அதற்கும் முன்னால், மருத்துவரும் விஞ்ஞானியும் பொறுப்பேற்றுச் செய்தது.

தொடக்க அளவு தினம் 500 மில்லிகிராம். கொலஸ்ட்ரால் குறைந்தது. சில வாரங்களில் தசைத் தளர்ச்சி வந்தது, ரத்தத்தில் தசை நொதிகளும் உயர்ந்தன. மருந்தை நிறுத்தினார்கள்.

இங்கே எடுத்த முடிவுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்தது. நிறுத்தியதும் தசைத் தளர்ச்சி சரியானதைப் பார்த்தார்கள். அதன் பிறகு அளவைக் குறைத்து மீண்டும் தொடங்கினார்கள். அடுத்த மாதங்களில் யமமோட்டோ மற்ற நோயாளிகளுக்கும் மிகக் குறைந்த அளவில் கொடுத்தார். அவர்களில் பலர் மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள். பதினொரு நோயாளிகளில் ரத்தக் கொலஸ்ட்ரால் சராசரியாக 27 சதவீதம் குறைந்தது. கவலைப்படும்படியான பக்கவிளைவு இல்லை. 1980இல் இதை வெளியிட்டார்கள். 1981இல் கனசாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோஷி மபுச்சியின் குழு, ஒரு பிரதி மட்டும் பழுதான ஏழு நோயாளிகளுக்குத் தினம் 30 முதல் 60 மில்லிகிராம் கொடுத்து, எல்.டி.எல். முப்பது சதவீதத்தை ஒட்டிக் குறைவதைக் காட்டியது. முதல் பெண்ணுக்குக் கொடுத்த தொடக்க அளவு தேவைக்கு மேல் பல மடங்கு என்பது இதிலிருந்து தெரிகிறது.

அந்தப் பெண்ணுக்கு எதிர்பார்த்த அளவு பலன் கிடைக்காததற்கு மருந்தளவு மட்டும் காரணமில்லை. அமெரிக்காவின் டல்லாஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1970களின் நடுவில் எல்.டி.எல். ஏற்பியைக் கண்டுபிடித்திருந்தார்கள். கல்லீரலின் மேற்பரப்பில் இருந்து, ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.ஐப் பிடித்து உள்ளே இழுப்பது இந்த ஏற்பி. காம்பாக்டின் கல்லீரலின் சொந்த உற்பத்தியைக் குறைக்கும்போது, தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கல்லீரல் ஏற்பிகளை அதிகமாக்குகிறது. அதனால்தான் ரத்தக் கொலஸ்ட்ரால் குறைகிறது. பரம்பரை நோயில் பழுதாவது அந்த ஏற்பியின் மரபணுதான். ஒரு நல்ல பிரதி இருந்தால் அதைத் தூண்டலாம். இரண்டுமே பழுதாகியிருந்தால் தூண்ட எதுவும் இல்லை. முதல் நோயாளியாகத் தேர்ந்தெடுத்தது மிக அதிகமாகத் தேவைப்பட்டவரை. மருந்து மிகக் குறைவாக வேலை செய்யக்கூடியவரும் அவரேதான்.

## நான்காம் தடை: 1980

1978 முடிவில் எண்டோ சாங்க்யோவை விட்டு, டோக்கியோ வேளாண்மை மற்றும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே செஞ்சிவப்பு அரிசி செய்யப் பயன்படும் மொனாஸ்கஸ் வகைப் பூஞ்சையில் காம்பாக்டினைப் போன்ற இன்னொரு பொருளைக் கண்டார். 1979 பிப்ரவரியில் ஜப்பானில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தார் அஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் என்ற பூஞ்சையில் ஒரு பொருளைப் பிரித்திருந்தார்கள். அதற்கு முன்பே சாங்க்யோவுடன் ரகசியக் காப்பு ஒப்பந்தம் செய்து காம்பாக்டின் மாதிரியை வாங்கிப் பார்த்திருந்தவர்கள் அவர்கள். எண்டோவின் புதிய பொருளும் மெர்க்கின் பொருளும் ஒன்றே என்பது பின்னர் தெரிந்தது. இன்று அதன் பெயர் லோவாஸ்டாட்டின்.

1980 ஆகஸ்டில் சாங்க்யோ காம்பாக்டின் சோதனைகளை நிறுத்தியது. நீண்ட காலம் மிக அதிக அளவு கொடுத்த நாய்களின் குடலில் லிம்போமா என்ற புற்றுநோய்போன்ற மாற்றங்கள் தெரிந்ததாகப் பேச்சு பரவியது. அந்த அளவு கிலோ எடைக்கு 100 முதல் 200 மில்லிகிராம் என்று எண்டோ பின்னாளில் எழுதினார். மனிதருக்குப் போதுமான அளவு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். செய்தி காதுக்கு வந்ததும் மெர்க்கும் தன் லோவாஸ்டாட்டின் சோதனைகளை நிறுத்தியது.

நிறுத்தியது சரியா? சரி என்றே நினைக்கிறேன். 1978இல்தான் உலக சுகாதார நிறுவனத்தின் க்ளோஃபைப்ரேட் ஆய்வு வெளியாகியிருந்தது. அதில் மருந்து எடுத்தவர்களில் இறப்பு அதிகமாக இருந்தது. கொலஸ்ட்ராலைக் குறைப்பதே ஆபத்து என்று நம்பிய மருத்துவர்கள் பலர். வாழ்நாள் முழுக்க, நோய் அறிகுறியே இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மருந்தில் புற்றுநோய்ச் சந்தேகம் வந்தால் நிறுத்தத்தான் வேண்டும்.

ஆனால் அந்தத் திசுக்களின் விவரம் வெளியே வரவில்லை. எத்தனை நாய்கள், எந்த அளவில், எத்தனை மாதத்தில், கண்ணாடித் தகட்டில் தெரிந்தது உண்மையில் புற்றுநோய்தானா என்று வெளியில் இருந்த எவரும் பார்க்க முடியவில்லை. மெர்க்கின் ஆய்வுத் தலைவராக இருந்த ராய் வேஜலோஸ் விவரம் கேட்டும் கிடைக்கவில்லை. அது புற்றுநோயே இல்லை, மிகையான அளவால் வந்த வேறு மாற்றமாக இருந்திருக்கலாம் என்பது எண்டோவின் கருத்து. யார் சொன்னது சரி என்று தீர்க்கத் தரவு வேண்டும். அது மூடிய அறைக்குள் இருந்தது. மருந்தை நிறுத்தியதற்குக் கிடைத்திருக்க வேண்டிய அறிவு யாருக்கும் கிடைக்கவில்லை. இந்த நிகழ்வில் நான் மன்னிக்கத் தயங்கும் இடம் இது ஒன்றுதான்.

## அதன் பின்

மௌனத்தை உடைத்தவர்கள் நோயாளிகளை நேரில் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்கள். பரம்பரை நோயால் வேறு வழியில்லாமல் இருந்தவர்களுக்காக ஒரேகானிலும் டல்லாஸிலும் இருந்த மருத்துவர்கள் மெர்க்கிடம் லோவாஸ்டாட்டின் கேட்டார்கள். 1982இல் சிறிய அளவில் அனுமதி கிடைத்தது. எல்.டி.எல். வேறு எந்த மருந்திலும் காணாத அளவுக்குக் குறைந்தது. மெர்க் தன் நாய்ச் சோதனைகளைத் தானே நீண்ட காலம் செய்தது. கட்டி எதுவும் தெரியவில்லை. 1984இல் கொலஸ்டிரமினை 3,806 ஆண்களிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு, கொலஸ்ட்ராலைக் குறைத்தால் மாரடைப்பும் குறையும் என்று காட்டியது. அதன் பிறகு வேகம் பிடித்தது. 1987இல் லோவாஸ்டாட்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் அதற்கு முன்பே, 1985இல், நோபல் பரிசு கிடைத்திருந்தது.

சாங்க்யோவும் வெறுங்கையோடு நிற்கவில்லை. காம்பாக்டின் கொடுத்த நாய்களின் சிறுநீரில், உடல் அதை மாற்றி வெளியேற்றிய ஒரு பொருளைக் கண்டார்கள். அதையே மருந்தாக்கினார்கள். அதுதான் பிராவாஸ்டாட்டின், 1989இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. திட்டத்தை நிறுத்திய அதே விலங்கிலிருந்து அடுத்த மருந்து வந்தது.

உயிரைக் காக்குமா என்ற கேள்விக்கு 1994இல்தான் விடை கிடைத்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதயநோய் உள்ள 4,444 பேரிடம் சிம்வாஸ்டாட்டினைச் சோதித்த ஆய்வில் மொத்த இறப்பு 30 சதவீதம் குறைந்தது, இதயத் தமனி நோயால் இறப்பு 42 சதவீதம் குறைந்தது. போலி மாத்திரை எடுத்த குழுவில் 256 பேரும் மருந்து எடுத்த குழுவில் 182 பேரும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தில், முன்பு மாரடைப்பு வராத 6,595 ஆண்களிடம் பிராவாஸ்டாட்டினைச் சோதித்தார்கள். மாரடைப்பும் இதய மரணமும் சேர்ந்து 31 சதவீதம் குறைந்தன. காம்பாக்டினின் நேரடி வாரிசு பிராவாஸ்டாட்டின்.

எண்டோவுக்கு இந்த மருந்துகளின் விற்பனையிலிருந்து பங்கு எதுவும் வரவில்லை. 2006இல் ஜப்பான் பரிசும் 2008இல் லாஸ்கர் விருதும் வந்தன. 2024 ஜூன் மாதம், தொண்ணூறு வயதில் இறந்தார்.

## மீண்டும் செய்தால் என்ன மாறும்

முதலாவது, விலங்கு. சோதனைக்கு விலங்கைத் தேர்ந்தெடுக்கும்போது 'நம்மிடம் எது இருக்கிறது' என்று கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. எந்த விலங்கின் ரத்தத்தில் நாம் மாற்ற விரும்பும் பொருள் மனிதரில் உள்ளதுபோல இருக்கிறது என்று கேட்டிருந்தால் 1974இலேயே குரங்குக்குப் போயிருப்பார்கள். கொழுப்பு ஆய்வில் இன்று எல்.டி.எல். ஏற்பி நீக்கிய சுண்டெலியும், எச்.டி.எல்.லுக்கும் எல்.டி.எல்.லுக்கும் இடையில் கொழுப்பைப் பரிமாறும் புரதத்தைச் சேர்த்த சுண்டெலியும் கிடைக்கின்றன. இருந்தும் முதுநிலை ஆய்வேடுகளில் சாதாரண எலியில் 'பலன் இல்லை' என்று முடியும் பக்கங்களை நிறையப் பார்க்கிறேன். அந்தப் பக்கத்தில் இன்னொரு பத்தி வேண்டும். மருந்து கல்லீரலை அடைந்ததா, நொதி முடங்கியதா, உடல் ஈடுகட்டியதா என்று மூன்றையும் தனித்தனியே பார்த்த பிறகே 'பலன் இல்லை' என்று எழுதலாம்.

இரண்டாவது, மனிதருக்கான தொடக்க அளவு. 500 மில்லிகிராம் என்பது அன்று தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது. குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது, ஒவ்வொரு படியிலும் தசை நொதியைப் பார்ப்பது, எழுத்துப்பூர்வமான ஒப்புதல், நிறுவனத்துக்கும் மருத்துவருக்கும் வெளியே ஒரு மேற்பார்வைக் குழு என்று எல்லாம் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் உடல் காட்டிய தசைத் தளர்ச்சிதான் பின்னால் வந்த எல்லா ஸ்டாட்டின்களிலும் மருத்துவர்கள் முதலில் விசாரிக்கும் பக்கவிளைவு.

மூன்றாவது, தரவு. பாதுகாப்புக் காரணத்தால் மருந்தை நிறுத்தினால், அந்த விலங்குகளின் விவரமும் திசுத் தகடுகளும் வேறு நோயியல் வல்லுநர்கள் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். போட்டி நிறுவனமும் பார்க்கட்டும். 1980க்கும் 1984க்கும் இடையில் போன காலத்தை ஆய்வுக்கூடத்தில் கணக்கிட முடியாது. அதே ஆண்டுகளில் நடுவயதில் மாரடைப்பில் போன பரம்பரை நோயாளிகளின் குடும்பங்களில்தான் அதைக் கேட்க வேண்டும்.

நான்காவது, முதல் நோயாளியின் நிலையில் இருப்பவர்கள். மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானவர்களுக்கு ஸ்டாட்டின் இன்றும் குறைவாகவே உதவுகிறது. ரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டி எல்.டி.எல்.ஐ வடிகட்டி எடுக்கும் சிகிச்சை வந்தது. ஏற்பியைச் சாராமல் வேலை செய்யும் எவினாகுமாப் என்ற ஊசி மருந்துக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது இவர்களின் எல்.டி.எல்.ஐ ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது. விலை மிக அதிகம். நம் ஊரில் தோலில் மஞ்சள் கட்டிகளோடு வரும் ஒரு குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் செய்ய வேண்டிய முதல் வேலை இன்னும் எளிமையானதுதான். அந்தக் குழந்தைக்கு மட்டுமல்லாமல் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லோருக்கும் கொலஸ்ட்ரால் பரிசோதனை எழுதித் தர வேண்டும். பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதியாவது இருக்கும், பெரும்பாலும் அவர்களுக்கு அது தெரிந்திருக்காது. அவர்களிடம் ஒரு நல்ல பிரதியும் இருப்பதால் மாத்திரை வேலை செய்யும்.